பக்க நீளங்களை வைத்துக் கோணங்களை ஒப்பிடுவது: முக்கோணத்திலிருந்து நாற்கரம் வரை முழு வழிகாட்டி

முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் கொடுத்து "எந்தக் கோணம் பெரியது?" என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதே கேள்வியை நாற்கரத்தில் கேட்டால் தடுமாறுகிறார்கள். முக்கோணத்துக்கு மட்டும் உரிய விதியை நாற்கரத்தின் மேல் அப்படியே போட்டுப் பார்ப்பதுதான் காரணம்.

பக்கத்தை வைத்துக் கோணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஒரு முக்கோணம் வேண்டும். நாற்கரத்துக்குள் அதை நாம்தான் கோடு போட்டு உண்டாக்க வேண்டும். எந்தக் கோடு, போட்ட பிறகு எதை எதோடு ஒப்பிடுவது, எந்த இடத்தில் "இதற்கு மேல் சொல்ல முடியாது" என்று நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

இரண்டு தேற்றங்கள் போதும். முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். வெளிக்கோணமானது (ஒரு பக்கத்தை நீட்டினால் வெளியே உண்டாகும் கோணம்), அதற்கு அடுத்தில்லாத இரண்டு உட்கோணங்களில் ஒவ்வொன்றையும் விடப் பெரியது.

சமனின்மைகளைக் கையாளுவதிலும் ஒரு விஷயம் உறுதியாக இருக்க வேண்டும். ஒரே திசையில் உள்ள இரண்டு சமனின்மைகளைக் கூட்டலாம், கழிக்கக் கூடாது. 5 > 3, 4 > 1 என்பவற்றைக் கூட்டினால் 9 > 4, சரி. கழித்தால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2. குறியே திரும்பிவிட்டது. நாற்கரக் கணக்குகளில் பாதி பேர் விழுவது இந்தக் குழியில்தான்.

அளவுகோல், கவராயம், கோணமானி மூன்றும் கையில் இருக்கட்டும். கோணமானி சரிபார்க்க மட்டும். "அளந்தேன், பெரிதாக இருந்தது" என்பது நிரூபணம் ஆகாது.

2. படம் போட்டு, முனைகளுக்கு வரிசையாகப் பெயரிடுங்கள்

இந்தக் கட்டுரை முழுக்க முனைகளுக்கு க, ச, த, ப என்று பெயர். முக்கோணம் என்றால் கசத. நாற்கரம் என்றால் கசதப. வல்லெழுத்து மிகும் நான்கு எழுத்துகள்தான், வரிசை மறக்காது.

நாற்கரத்தில் பெயரைச் சுற்றிவரும் வரிசையில்தான் இட வேண்டும். க-வுக்கு அடுத்தது ச, அதற்கடுத்து த, பிறகு ப, மீண்டும் க. குறுக்கே தாவிப் பெயரிட்டால் பக்கம் எது, மூலைவிட்டம் எது என்பதே மாறிப்போகும். வரிசையாக இட்டால் பக்கங்கள் கச, சத, தப, பக. மூலைவிட்டங்கள் கத, சப.

கோணத்தை மூன்றெழுத்தில் எழுதும்போது நடு எழுத்துதான் முனை. ∠சகத என்றால் கோணம் க முனையில் இருக்கிறது. முக்கோணத்தில் ∠க என்று சுருக்கி எழுதிப் பழகியவர்கள் நாற்கரத்திலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். மூலைவிட்டம் போட்டபின் க முனையில் மூன்று கோணங்கள் இருக்கும். எந்த ∠க என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்?

3. இந்த நீளங்களில் உருவம் அமையுமா?

மிகப் பெரிய பக்கம், மீதிப் பக்கங்களின் கூட்டுத்தொகையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 3, 4, 8 என்று முக்கோணம் கிடையாது. 2, 3, 4, 10 என்று நாற்கரமும் கிடையாது. சொந்தமாக எண்களைப் போட்டுப் பயிற்சி செய்பவர்கள் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, கவராய வில்கள் வெட்டிக்கொள்ளவில்லையே என்று திகைப்பார்கள்.

4. முக்கோணத்தில் எதிரே பாருங்கள்

விதி இதுதான்: பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம். எதிர்க்கோணத்தைக் கண்டுபிடிக்கப் படத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். பக்கத்தின் பெயரில் இல்லாத எழுத்து எதுவோ, அதுவே எதிர்க்கோணம். கச-வுக்கு எதிரே ∠த. சத-வுக்கு எதிரே ∠க. தக-வுக்கு எதிரே ∠ச.

கச = 7, சத = 5, தக = 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதலில் பக்கங்களை இறங்குவரிசையில் எழுதுங்கள்: கச > தக > சத. அதன் அடியிலேயே விடுபட்ட எழுத்துகளை அதே வரிசையில் எழுதுங்கள்: ∠த > ∠ச > ∠க. முடிந்தது. (கணக்கிட்டால் முறையே 78.5°, 57.1°, 44.4° வரும்.)

பக்கத்தை வரிசைப்படுத்தும் முன்பே கோணத்தை எழுதத் தொடங்குவது பொதுவான தவறு. இன்னொன்று, பெரிய பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் கோணத்தைப் பெரியது என்பது. படத்தில் நீளமான கோடு கண்ணை இழுக்கும், கண் அதன் நுனியில் போய் நிற்கும். எதிர்க்கோணம் அந்தக் கோட்டில் இல்லவே இல்லை. விடுபட்ட எழுத்தைத் தேடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

5. விதி ஏன் சரி?

மனப்பாடம் செய்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடத் துடிப்பார்கள். தாண்டாதீர்கள். "பெரிய பக்கத்திலிருந்து சிறியதை வெட்டு" என்ற உத்தி பல கணக்குகளில் மீண்டும் வரும்.

கசத முக்கோணத்தில் கச > கத என்க. நீளமான கச-வின் மேல், கம = கத ஆகும்படி ம என்ற புள்ளியைக் குறித்து, த-வையும் ம-வையும் சேருங்கள்.

கமத இருசமபக்க முக்கோணம். ஆகவே ∠கமத = ∠கதம.

∠கமத என்பது மசத முக்கோணத்துக்கு வெளிக்கோணம். ஆகவே ∠கமத > ∠ச.

மத கோடு ∠கதச-வுக்குள் விழுகிறது. ஆகவே ∠கதச > ∠கதம.

மூன்றையும் கோத்தால் ∠கதச > ∠கதம = ∠கமத > ∠ச. அதாவது கச-வுக்கு எதிரே உள்ள ∠த, கத-வுக்கு எதிரே உள்ள ∠ச-வைவிடப் பெரியது.

புள்ளியைச் சிறிய பக்கத்தில் குறிக்க முயல்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். வெட்டுவதற்கு இடம் இருப்பது பெரிய பக்கத்தில்தான்.

"பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம்" என்ற மறுதலையும் உண்மை. ஆனால் அதை வைத்து இதை நிரூபிக்க வேண்டாம். யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' என்ற வடிவியல் நூலின் முதல் பாகத்தில் இது 18ஆம் கூற்று, மறுதலை 19ஆவது. 19-ஐ நிரூபிக்க 18 தேவைப்படுகிறது. திருப்பிப் போட்டால் வாதம் வட்டமடிக்கும். சைன் விதியை (பக்கங்கள் எதிர்க்கோணங்களின் சைன் மதிப்புகளின் விகிதத்தில் இருக்கும் என்பதை) இழுத்து வருபவர்களும் உண்டு. சைன் மதிப்பு 90°-க்குப் பிறகு இறங்கத் தொடங்கும் என்பதால், விரிகோண முக்கோணத்துக்குத் தனியாக ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். மேலே உள்ள வழி அந்தத் தொல்லை இல்லாதது.

6. வரிசை கிடைக்கும், விகிதம் கிடைக்காது

பக்கம் இரண்டு மடங்கு என்றால் எதிர்க்கோணமும் இரண்டு மடங்கு என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. 30°, 60°, 90° முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிகச் சிறிய பக்கத்தைப்போல் கர்ணம் இரண்டு மடங்கு. கோணமோ மூன்று மடங்கு. கோணம் இரண்டு மடங்காகும் இடத்தில் (60°) பக்கம் 1.73 மடங்குதான்.

மிகப் பெரிய கோணம் எந்த வகை என்பதை மட்டும் பக்கங்களிலிருந்து உடனே சொல்லலாம். பெரிய பக்கத்தின் வர்க்கத்தை மற்ற இரண்டின் வர்க்கக் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். 5, 6, 7 எனில் 49 < 61, குறுங்கோணம். 5, 12, 13 எனில் 169 = 169, செங்கோணம். 4, 5, 7 எனில் 49 > 41, விரிகோணம்.

7. ஒரு முக்கோணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள்

4ஆம் படியின் விதி ஒரே முக்கோணத்துக்குள் மட்டும் செல்லும். 6, 6, 6 முக்கோணத்தில் 6-க்கு எதிரே 60°. 10, 10, 7 முக்கோணத்தில் 7-க்கு எதிரே சுமார் 41°. பக்கம் பெரிது, கோணம் சிறிது. ஆகவே ஒவ்வொரு வரியையும் "△கசத-வில்" என்று முக்கோணத்தின் பெயரைச் சொல்லியே தொடங்குங்கள். அந்தப் பழக்கம் ஒன்றே பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும்.

இரண்டு முக்கோணங்களை ஒப்பிட ஒரே ஒரு வாசல் உண்டு. ஒன்றின் இரு பக்கங்கள் மற்றதன் இரு பக்கங்களுக்கு முறையே சமமாக இருந்தால், மூன்றாம் பக்கம் எதில் பெரியதோ, அதில்தான் அந்தச் சம பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணமும் பெரியது. கவராயத்தின் கால்கள் நீளம் மாறாமல் விரியும்போது நுனிகள் விலகுவதைப் போல. 11ஆம் படியில் இது தேவைப்படும்.

8. நாற்கரம்: எந்த மூலைவிட்டம்?

நான்கு அட்டைப் பட்டைகளை மூலைகளில் குண்டூசியால் கோத்து அசைத்துப் பாருங்கள். பக்க நீளம் எதுவும் மாறாது, கோணம் எல்லாம் மாறும். பக்கம் 5 செ.மீ. உள்ள சாய்சதுரத்தின் கோணம் 20° ஆகவும் இருக்கலாம், 90° ஆகவும் இருக்கலாம். ஆகவே பக்கங்கள் நான்கும் தெரிந்தால் கோணங்கள் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இருந்தும், சில ஒப்பீடுகளை உறுதியாகச் சொல்ல முடியும்.

எதிர் முனைகளான க, த ஆகியவற்றின் கோணங்களை ஒப்பிட வேண்டுமா? அந்த இரண்டையுமே சேர்க்கும் கத மூலைவிட்டத்தைப் போடுங்கள். ∠ச, ∠ப-வை ஒப்பிட வேண்டுமா? சப-வைப் போடுங்கள்.

காரணம்: கத போட்டால் ∠க இரண்டு துண்டாகிறது, ∠த இரண்டு துண்டாகிறது. ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டு இருக்கும், அவற்றை ஒப்பிடலாம். சப-வைப் போட்டால் ∠க ஒரு முக்கோணத்தில், ∠த இன்னொன்றில் போய் உட்கார்ந்துவிடும். 7ஆம் படியின்படி அவற்றை ஒப்பிட வழியில்லை. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறான மூலைவிட்டத்தைப் போட்டுவிட்டு, அரைப்பக்கம் எழுதிய பிறகே முட்டிக்கொள்கிறார்கள்.

9. துண்டுகளை ஒப்பிட்டுக் கூட்டுங்கள்

தேர்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: கசதப நாற்கரத்தில் கச மிகச் சிறிய பக்கம், எதிரே உள்ள தப மிகப் பெரிய பக்கம். ∠க > ∠த, ∠ச > ∠ப என்று காட்டுக.

கத-வைச் சேருங்கள்.

△கசத-வில், கச மிகச் சிறியது என்பதால் சத > கச. எதிர்க்கோணங்களைப் பார்த்தால் ∠சகத > ∠சதக.

△கதப-வில், தப மிகப் பெரியது என்பதால் தப > பக. எதிர்க்கோணங்களைப் பார்த்தால் ∠தகப > ∠கதப.

இரண்டையும் கூட்டினால் இடப்பக்கம் ∠சகத + ∠தகப, அதாவது முழு ∠க. வலப்பக்கம் ∠சதக + ∠கதப, அதாவது முழு ∠த. ஆகவே ∠க > ∠த.

அடுத்த பாதிக்குப் படத்தை மீண்டும் வரைந்து சப-வைச் சேருங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் ஒரே படத்தில் போட்டால் துண்டுகள் குழம்பும். △கசப-வில் பக > கச, ஆகவே ∠கசப > ∠கபச. △சதப-வில் தப > சத, ஆகவே ∠தசப > ∠தபச. கூட்டினால் ∠ச > ∠ப.

கவனியுங்கள்: முதல் முக்கோணத்தில் "மிகச் சிறியது" என்ற தகவல் பயன்பட்டது, இரண்டாவதில் "மிகப் பெரியது" என்பது. கொடுத்த இரண்டில் ஒன்றை நீங்கள் பயன்படுத்தவே இல்லை என்றால் எங்கோ பிசகிவிட்டது என்று பொருள்.

எண்ணில் பார்க்கலாம். கச = 4, சத = 6, தப = 9, பக = 7; மூலைவிட்டம் கத = 8 என்று வைத்தால் ∠க = 120.0°, ∠ச = 104.5°, ∠த = 77.1°, ∠ப = 58.4°. சொன்னபடியே வருகிறது. கத-வின் நீளத்தைச் சற்று மாற்றினால் நான்கு எண்களும் மாறும், இரண்டு ஒப்பீடுகளும் மாறாது.

10. இரண்டு மூலைகளும் வேறு வேறு சொன்னால்?

மேலே உள்ள நிரூபணத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், "மிகச் சிறிய", "மிகப் பெரிய" என்பதுகூடத் தேவையில்லை என்று தெரியும். ∠க, ∠த ஒப்பீட்டுக்கு மீதி இரண்டு முனைகளான ச, ப ஆகியவற்றில் நின்று பாருங்கள். ச-விலிருந்து க-வுக்கும் த-வுக்கும் போகும் பக்கங்களில் எது குட்டை? குட்டைப் பக்கம் போய்ச் சேரும் முனையில்தான் பெரிய துண்டு. ப-விலிருந்தும் அதையே கேளுங்கள். இரண்டும் ஒரே முனையைக் காட்டினால் அந்தக் கோணம் பெரியது. ஒரு மூலையில் இரண்டு பக்கங்களும் சமமாக இருந்தால் மற்ற மூலை முடிவு செய்யும். பட்டம் வடிவத்தில் குட்டைப் பக்கங்கள் சந்திக்கும் கோணம், நீளப் பக்கங்கள் சந்திக்கும் கோணத்தைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான்.

இரண்டும் வேறு வேறு முனையைக் காட்டினால்? நிறுத்திவிடுங்கள். பக்கங்கள் மட்டும் போதாது.

கச = 3, சத = 5, தப = 7, பக = 8 என்க. ச-வில் கச குட்டை, அது க-வைக் காட்டுகிறது. ப-வில் தப குட்டை, அது த-வைக் காட்டுகிறது. முரண்பாடு. கத = 4 என்று வரைந்தால் ∠க சுமார் 151°, ∠த சுமார் 126°. அதே பக்கங்களை வைத்து கத = 7.5 என்று வரைந்தால் ∠க சுமார் 80°, ∠த சுமார் 82°. பெரியது சிறியதாகிவிட்டது. "சரியான விடை" என்று ஒன்று இங்கே கிடையாது; மூலைவிட்டத்தின் நீளத்தைக் கேட்பதே சரியான விடை.

அதே நாற்கரத்தில் ∠ச, ∠ப-வைக் கேட்டிருந்தால்? க-விலிருந்து ச-வுக்கு 3, ப-வுக்கு 8. த-விலிருந்து ச-வுக்கு 5, ப-வுக்கு 7. இரண்டும் ச-வையே காட்டுகின்றன. ஆகவே ∠ச > ∠ப, தயங்காமல் எழுதலாம். ஒரே நாற்கரத்தில் ஒரு சோடி முடிவாகும், இன்னொன்று ஆகாது. இதைப் பார்க்காமல் "கணக்கே தப்பு" என்று விட்டுவிடுபவர்கள் கிடைக்கக்கூடிய பாதி விடையையும் இழக்கிறார்கள்.

முரண்பட்ட இடத்தில் சிலர் ∠சகத > ∠சதக என்பதிலிருந்து ∠கதப > ∠தகப என்பதைக் கழித்து ஏதோ ஒரு விடையை வரவழைப்பார்கள். 1ஆம் படியில் 5, 3, 4, 1 என்று பார்த்தோமே, அதே பிழை.

11. அடுத்தடுத்த கோணங்கள்

∠க-வையும் ∠ச-வையும் ஒப்பிட மேலே சொன்ன வழி உதவாது. அந்த இரண்டையும் சேர்க்கும் கோடு மூலைவிட்டம் இல்லை, பக்கம். பக = சத என்று இருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. △பகச, △கசத இரண்டுக்கும் கச பொது, பக = சத. ஆகவே 7ஆம் படியின்படி, சப > கத என்றால் ∠க > ∠ச.

இணைகரத்தில் எதிர்ப்பக்கங்கள் சமம் என்பதால் இது எப்போதும் செல்லும். நீளமான மூலைவிட்டம் விரிகோணத்துக்கு எதிரே இருக்கும். அதன் நுனிகளில் இருப்பவை குறுங்கோணங்கள்.

12. உள்நோக்கிக் குழிந்த நாற்கரம்

9, 10ஆம் படிகள் எல்லாம் குவிவு நாற்கரத்துக்கு, அதாவது எந்த முனையும் உள்ளே குழியாத நாற்கரத்துக்கு. 4, 6, 9, 7 நாற்கரத்திலேயே கத = 3 என்று வைத்தால் ∠க 240° அளவுக்குப் போய், க முனை உள்ளே குழிந்துவிடும். அப்போது சப உருவத்துக்கு வெளியே ஓடுகிறது. ∠ச என்பது ∠தசப-விலிருந்து ∠கசப-வைக் கழித்தது ஆகிறது. துண்டுகளைக் கூட்டும் வாதம் அங்கே செல்லாது. கேள்வியில் எதுவும் சொல்லாவிட்டால் குவிவு நாற்கரம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

13. வரைந்து சரிபார்த்தல்

முதலில் மூலைவிட்டத்தை வரையுங்கள், பக்கத்தை அல்ல. கத-வின் நீளம் கச, சத-வின் வித்தியாசத்தைவிடப் பெரியதாகவும் கூட்டுத்தொகையைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும். பக, தப-வுக்கும் அப்படியே. பிறகு க, த இரண்டையும் மையமாக வைத்து வில்களை வெட்டி, ஒருபுறம் ச, மறுபுறம் ப. இரண்டு வில்வெட்டுகளையும் ஒரே புறத்தில் போட்டால் பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும், அல்லது குழிந்த உருவம் வரும்.

கோணமானியில் 1° அல்லது 2° பிசகுவது சாதாரணம். 151°-க்கும் 126°-க்கும் உள்ள வித்தியாசத்தைப் படமே காட்டிவிடும். 80°, 82° போன்ற இடங்களில் பென்சில் முனையின் தடிமன்கூட முடிவைத் திருப்பிவிடும். அங்கே இரண்டு முக்கோணங்களுக்கும் கொசைன் விதியை (மூன்று பக்கங்களிலிருந்து கோணத்தைத் தரும் சூத்திரத்தை) போட்டுத் துண்டுகளைக் கணக்கிட்டுக் கூட்டிப் பாருங்கள்.